குழந்தை ஏன் கரண்டியைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறது, தெரியுமா?

தொட்டிலில் மல்லாந்து கிடக்கும் மூன்று மாதக் குழந்தையைப் பார்த்து, "அதுக்கு என்ன தெரியும், பாவம்!" என்று சொல்லிவிட்டுப் போகிறவரா நீங்கள்? நில்லுங்கள், நில்லுங்கள். அதற்கு ஞாபகசக்தி இருக்கிறது, தெரியுமா? நிமிடக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில்!

1960-களில் அமெரிக்காவில் கரோலின் ரோவீ-காலியர் என்ற இளம் உளவியலாளர், கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு படிப்பையும் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தார். தொட்டிலுக்கு மேல் தொங்கிய பொம்மைக் கொத்தில் ஒரு நாடாவைக் கட்டினார். மறுமுனையைக் குழந்தையின் கணுக்காலில் முடிந்தார். கால் உதைத்தால் பொம்மை ஆடும், அவ்வளவுதான் ஏற்பாடு. சில நிமிடங்களில் குழந்தை சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டது. உதை, ஆட்டம், சிரிப்பு! அம்மா நிம்மதியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு அதையே ஆராய்ச்சியாகவும் ஆக்கிவிட்டார். மூன்று மாதக் குழந்தைகளை ஒரு வாரம் கழித்தும், ஆறு மாதக் குழந்தைகளை இரண்டு வாரம் கழித்தும் அதே பொம்மைக்கு அடியில் படுக்க வைத்தால், நாடாவே கட்டாவிட்டாலும் கால்கள் எகிறின. கைக்குழந்தைக்கு நினைவாற்றலே கிடையாது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிய காலம் அது.

கால் என்றதும் இன்னொன்று. பிறந்த சில நாட்களே ஆன குழந்தையை அக்குளில் பிடித்துத் தரையில் பாதம் படும்படி நிறுத்தினால், டக் டக்கென்று அடியெடுத்து வைக்கும். பார்த்திருப்பீர்கள். இரண்டு மாதத்தில் அந்த நடை காணாமல் போய்விடும். மூளை முதிரும்போது பழைய அனிச்சைச் செயலை அழித்துவிடுகிறது என்றுதான் நெடுநாள் விளக்கம் சொன்னார்கள். 1984-இல் எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர், நடையை 'மறந்துபோன' குழந்தைகளை மார்பளவு தண்ணீரில் நிறுத்திப் பார்த்தார். மறுபடியும் நடை! மூளை எதையும் அழிக்கவில்லை. பால் குடித்துப் பால் குடித்துத் தொடை கொழுகொழுவென்று ஆகிவிட்டது, தூக்கத் தெம்பில்லை. தண்ணீர் கனத்தைத் தாங்கிக்கொண்டதும் கால் தன் வேலையைக் காட்டிவிட்டது.

சரி, காதுக்கு வருவோம். 'பட்டு' என்பதற்கும் 'பத்து' என்பதற்கும் வித்தியாசம் உங்களுக்குக் கேட்கிறதுதானே? ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு அது கேட்காது. ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் கேட்கும், தெரியுமா? 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியின் ட, த ஒலிகளை வைத்துச் சோதித்தார்கள். நம் ட, த போன்ற அதே ஜோடிதான். ஆறிலிருந்து எட்டு மாதம் ஆன ஆங்கில வீட்டுக் குழந்தைகள் இரண்டையும் அழகாகப் பிரித்துக் கேட்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறமை கழன்றுவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அப்படியே இருந்தது. உலகத்து மொழிகளில் எதை வேண்டுமானாலும் பேசத் தயாராகப் பிறக்கிற காது, முதல் பிறந்தநாள் வருவதற்குள் வீட்டு மொழிக்குத் தன்னைத் தீட்டிக்கொண்டுவிடுகிறது! முகத்திலும் இதே கதைதான். ஆறு மாதக் குழந்தை ஒரு குரங்கின் முகத்தையும் இன்னொரு குரங்கின் முகத்தையும் வேறுவேறாக அடையாளம் காணும். ஒன்பது மாதத்தில் அதுவும் நம்மைப் போலவே ஆகிவிடும், எல்லாக் குரங்கும் ஒரே குரங்கு.

இங்கேதான் செல்போன் பெற்றோர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சியாட்டிலில் பட்ரீஷியா கூல் என்பவரின் குழு, 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் காட்டியது. நான்கு வாரத்தில் 12 அமர்வுகள். சீனம் பேசும் ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து, பொம்மையைக் காட்டி, படப்புத்தகம் புரட்டி, விளையாடிக்கொண்டே பேசுவார். அந்தக் குழந்தைகள் சீனத்துக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மை, ஆனால் தொலைக்காட்சித் திரையில். கற்றது எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! திரையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஒன்றும் உள்ளே போகவில்லை. 'பாட்டு போட்டுவிட்டால் தானே கத்துக்கும்' என்று போனை நீட்டுகிற கைகள், பாட்டையாவது சொந்தக் குரலில் பாடலாம். சுருதி சேராவிட்டாலும் குழந்தை கோபித்துக்கொள்ளாது.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தை வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்து வைத்தார்களே, அந்த வரிசையை ஒரு குழந்தை மருத்துவரின் கண்ணோடு பாருங்கள். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. பிறகு கைகொட்டும் சப்பாணி. பிறகு தளர்நடை போட்டு வரச் சொல்லும் வருகை. அப்புறம் நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. கடைசியில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளை என்றால் அம்மானை, ஊசல் என்று மாறும். கழுத்து முதலில், கை அடுத்து, கால் அதற்கப்புறம்; உடம்பு வசப்பட்ட பிறகு கற்பனை, அதன் பின் கருவியோடு விளையாட்டு. இன்றைய மருத்துவமனைச் சுவரில் தொங்கும் வளர்ச்சிப் படமும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகும். இதில் எனக்குப் பிடித்தது, கடைசிப் பருவங்கள் எல்லாமே விளையாட்டாக இருப்பதுதான். பள்ளிப் பருவம் என்று ஒன்றை யாரும் அதில் சேர்க்கவில்லை!

சிறுதேர் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டுகிறார்களே, குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேர், அதுதான். காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியின் மேல் வீசிய பொற்குழை வழியில் கிடந்து அந்தத் தேரை மறிக்கும். தங்கத்தைக் குப்பையாக நினைக்கிற ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், போகிறபோக்கில் ஒரு விளையாட்டுச் சாமானையும் ஈராயிரம் ஆண்டு பத்திரமாக வைத்துவிட்டார். கீழடி அகழாய்விலோ, விளையாடப் பயன்பட்டதாகக் கருதப்படும் வட்டச்சில்லுகளே கிடைத்திருக்கின்றன.

"எங்க பிள்ளை தவழவே இல்லீங்க, நேரா எழுந்து நின்னுட்டான்" என்று கவலைப்படுகிற தாய்மார்களுக்கு ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 4.3 சதவீதம் பேர் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. தனியாக நடப்பதற்கோ ஏறக்குறைய எட்டு மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம் வரை வாசல் திறந்தே இருக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் ஓடினால் ஓடட்டும்.

நடை பழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி வைக்கும் தெரியுமா? மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழு உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டது. விளையாடிக்கொண்டிருக்கும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள், சராசரியாக மணிக்கு 2,368 அடி! தூரம் 701 மீட்டர். விழுந்தது 17 முறை. ஒரே மணி நேரத்தில் பதினேழு முறை விழுந்து, எழுந்து, மறுபடி கிளம்புகிற ஆளை நாம் 'சேட்டை' என்கிறோம். அதே அடால்ஃப் கண்ட இன்னொரு வியப்பு: தவழும்போது செங்குத்தான சரிவைக் கண்டால் நின்றுவிடுகிற அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் வந்துவிட்ட குழந்தை, நடக்க ஆரம்பித்த புதிதில் அதே சரிவில் தயங்காமல் இறங்கி உருளப் பார்க்கும். தவழ்ந்து கற்ற பாடம் நடைக்குச் செல்லாது. உடம்பு மாறினால் உலகத்தையே முதலிலிருந்து அளக்க வேண்டும்.

இதனால்தான் உட்கார வைத்துச் சுற்றவிடும் பிளாஸ்டிக் வாக்கரைக் கண்டால் எனக்கு ஆகாது. அதில் முன்னால் இருக்கும் தட்டு, குழந்தைக்குத் தன் பாதம் தெரியாமல் மறைத்துவிடுகிறது. வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் உட்காரவும் தவழவும் நடக்கவும் பிந்தியதாக 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. படியில் உருண்டு மண்டை உடைத்துக்கொள்ளும் விபத்துகள் வேறு. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. நம் ஊர் மர நடைவண்டியோ வேறு ஜாதி. பிடித்துக்கொண்டு சொந்தக் காலில் நின்றால்தான் அது நகரும்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-இல் வெளியிட்ட சோதனைக்காக ஒரு பொய்ப் பள்ளத்தை அமைத்தார்கள். மேசை மேல் கெட்டியான கண்ணாடி, பாதிக்கு அப்பால் கண்ணாடிக்குக் கீழே ஆழம். தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை விளிம்பில் நின்றுவிட்டன. சுவாரசியம் அதற்குப் பிறகுதான். 1985-இல் வேறொரு குழு, பள்ளத்தை 'இறங்கலாமா வேண்டாமா' என்று சந்தேகம் வருகிற அளவுக்குக் குறைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிறுத்தியது. அம்மா பேசக் கூடாது, முகம் மட்டும் காட்டலாம். அம்மா சிரித்த முகம் காட்டியபோது ஒரு வயதுக் குழந்தைகள் 19 பேரில் 14 பேர் கடந்து வந்துவிட்டார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! பூச்சியைக் கண்டு நீங்கள் அலறுகிறபோது, குழந்தை பார்ப்பது பூச்சியை அல்ல.

வந்துவிட்டோம், கரண்டிக்கு. சாப்பிட உட்கார வைத்தால் கரண்டி கீழே, எடுத்துக் கொடுத்தால் மறுபடி கீழே, அம்மாவுக்கு இடுப்பு போச்சு! வீம்பா இது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் 2015-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். பதினொரு மாதக் குழந்தைகளுக்கு ஒரு மாயவித்தை காட்டினார்கள். சிலருக்கு, உருண்டு வந்த சாமான் சுவரை ஊடுருவி அந்தப் பக்கம் போனதுபோல ஒரு காட்சி. வேறு சிலருக்கு, மேடை முடிந்த பிறகும் கார் விழாமல் அந்தரத்தில் நின்றதுபோல ஒரு காட்சி. பிறகு அந்தச் சாமானையே கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் அதை மேசையில் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்த குழந்தைகள் அதைக் கீழே போட்டுப் பார்த்தன. பல்கூட முழுதாக முளைக்காத ஆள், கெட்டியா என்ற கேள்விக்கு ஒரு பரிசோதனை, விழுமா என்ற கேள்விக்கு வேறொரு பரிசோதனை என்று தேர்ந்தெடுத்துச் செய்கிறது! சுவரும் மேடையும் ஒழுங்காக நடந்துகொண்ட சாதாரணக் காட்சியைப் பார்த்த குழந்தைகளுக்கு இந்த ஆர்வம் இல்லை. எதிர்பார்த்தது நடக்காவிட்டால்தான் சோதனைக்கூடம் திறக்கிறது.

அப்படியானால் நாமே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் இன்னும் வேகமாகக் கற்குமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எலிசபெத் போனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது. பல குழாய்கள் கொண்ட ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று கத்தும். வேறோர் இடத்தில் கண்ணாடி ஒளிந்திருக்கும். இன்னோர் இடத்தில் விளக்கு, மற்றோர் இடத்தில் இசை. ஒரு குழுப் பிள்ளைகளிடம், "இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறேன் பார்" என்று ஆசிரியர் தோரணையில் கீச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். இன்னொரு குழுவிடம், தற்செயலாகக் கை பட்டதுபோல அதே சத்தத்தை எழுப்பினார்கள். பாடம் கேட்ட பிள்ளைகள் கீச்சையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டுச் சீக்கிரம் எழுந்து போய்விட்டார்கள். பாடம் கேட்காதவர்கள் அதிக நேரம் நோண்டி, ஒளிந்திருந்த மற்ற விஷயங்களையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். சொல்லிக் கொடுத்தால் சொன்னதை மட்டும் வேகமாகக் கற்கிறார்கள். 'இவ்வளவுதான் இருக்கிறது' என்பதையும் சேர்த்தே கற்றுவிடுகிறார்கள்.

நோண்டுகிற புத்தி எவ்வளவு தூரம் போகும்? எந்தக் கட்டையை வைத்தால் பெட்டி பாடும் என்று கண்டுபிடிக்கும் புதிரில், இரண்டு கட்டை சேர்ந்தால்தான் பாடும் என்ற விசித்திர விதியைப் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களைவிட நாலு வயது வாண்டுகள் எளிதாகப் பிடித்தன. அலிசன் கோப்னிக் குழுவின் ஆய்வு, 2014.

சிரிக்க வைக்கும் ஒன்று. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் இருக்கும் குழந்தை, உள்ளங்கை அளவு பொம்மைக் காரின் கதவைத் திறந்து காலை உள்ளே விடப் பார்ப்பதைக் கண்டதுண்டா? ஜூடி டிலோச்சும் தோழர்களும் 2004-இல் இதை ஆய்வாகவே பதிவு செய்தார்கள். குட்டி நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார்கள், குட்டிச் சறுக்குமரத்தில் சறுக்கப் பார்க்கிறார்கள், விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே! ஒன்று இன்னொன்றுக்கு அடையாளமாக நிற்கலாம் என்பதே மூளைக்குப் புதுச் செய்தி. அறையின் சின்ன மாதிரியில் பொம்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிவிட்டு, நிஜ அறையில் தேடச் சொன்னால் மூன்று வயதுக் குழந்தை நேராகப் போய் எடுக்கும். இரண்டரை வயது திருதிருவென்று விழிக்கும். டிலோச் என்ன செய்தார் தெரியுமா? 'பெரிய அறையைச் சின்னதாக்கும் எந்திரம்' ஒன்று இருப்பதாகக் கதை விட்டார். எந்திரம் நிஜமாகவே அறையைச் சுருக்கிவிட்டது என்று நம்பிய இரண்டரை வயதுக்காரர்கள் பொம்மையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஏனென்றால் இப்போது அது அடையாளம் இல்லை, அதே அறைதான்.

பொய்வேஷத்துக்கு வருவோம். ஒரு நிமிடம் அசையாமல் நில் என்றால் நிற்காத பிள்ளை, "நீதான் காவல்காரன்" என்றால் நிற்குமா? 1948-இல் சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ சோதித்தார். நின்றது, வெகு நேரம் நின்றது. 2017-இல் அமெரிக்காவில் நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சலிப்பூட்டும் ஒரு கணினி வேலையைப் பத்து நிமிடத்துக்குக் கொடுத்து, பக்கத்தில் விளையாட்டு ஆடும் ஐபேடையும் வைத்துவிட்டார்கள். பேட்மேன் போன்ற வேஷம் போட்டுக்கொண்டு, "பேட்மேன் உழைக்கிறானா?" என்று தன்னையே கேட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். "நான் உழைக்கிறேனா?" என்று கேட்டுக்கொண்டவர்கள்தான் கடைசி. துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு சோபாவிலிருந்து குதிக்கிற உங்கள் வீட்டுப் பறக்கும் மனிதரைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

விளையாட்டைக் கண்டு ஓர் அரசாங்கமே பயந்த கதை தெரியுமா? மரக்கட்டை, பந்து, உருளை எனச் சாமான்களைக் கொடுத்துப் பிள்ளைகளை விளையாடவிட்ட ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், 1840-இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். 1851-இல் பிரஷ்ய அரசு நாத்திகம், சோஷலிசம் என்று குற்றம் சாட்டி எல்லாக் கிண்டர்கார்டனுக்கும் தடை போட்டது. அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் இறந்துவிட்டார். தடை 1860 வரை நீடித்தது. அவருடைய கட்டைகளோ கடல் கடந்து அமெரிக்கா போயின. அவற்றை அடுக்கி விளையாடிய சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் கட்டடக்கலை மேதை ஃபிராங்க் லாயிட் ரைட் ஆனான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியையோ போர் நம் ஊரிலேயே நிறுத்தி வைத்தது. 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்தவர், அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷாருக்கு எதிரி நாட்டுக்காரராகிவிட்டார். அடையாறிலும் கொடைக்கானலிலும் குழந்தைகளோடு குழந்தையாக இருந்து, 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஜமைக்கா. 1986, 87-இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் போவார். மருந்து மாத்திரை கொண்டுபோவதில்லை. வீட்டில் கழித்துப் போட்ட பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்கள்தான் பையில். அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து உட்கார வைத்து, எப்படி விளையாடுவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று காட்டுவார். இரண்டு ஆண்டு இப்படி. அப்புறம் எல்லாம் முடிந்தது, அவரவர் வாழ்க்கை. இருபது ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துக் கணக்குப் பார்த்தபோது, விளையாடிய கூட்டம் விளையாடாத கூட்டத்தைவிட எவ்வளவு அதிகம் சம்பாதித்தது தெரியுமா? 25 சதவீதம்! வளர்ச்சி குன்றாத மற்றப் பிள்ளைகளோடு வருமானத்தில் சரிக்குச் சமமாக வந்துவிட்டார்கள். 2014-இல் வந்த அந்த ஆய்வில் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் கைகோத்திருந்தார். இதே முறையைப் பின்பற்றி ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப்பகுதிகளிலும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே பிறந்தநாளுக்குப் பேட்டரி போட்ட பெரிய பொம்மை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காலித் தண்ணீர் பாட்டிலில் ஒரு பிடி புளியங்கொட்டையைப் போட்டுக் கொடுங்கள், நீங்களும் கூடவே தரையில் உட்காருங்கள். மூடியை மட்டும் பசை வைத்து இறுக்கி ஒட்டிவிடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட கை எதை எடுத்தாலும் அடுத்து வாய்க்குத்தான் போகும்.